நம்மாளு வித்த கார்

எனக்கு ஒரு நண்பர். மின்வாரியத்தில் முப்பத்துமூன்று வருஷம் குப்பை கொட்டிவிட்டு ரிட்டையர் ஆனவர். அவரோடு மார்க்கெட்டுக்குப் போனால் பொழுது போய்விடும். வெண்டைக்காயை ஒவ்வொன்றாக எடுத்து நுனியை ஒடித்துப் பார்ப்பார். 'டப்'பென்று ஒடிந்தால்தான் தட்டில் விழும். வளைந்தால் போச்சு, மறுபடி குவியலுக்கே. கால் கிலோ வெண்டைக்காய்க்குக் கால் மணி நேரம். கடைக்காரம்மா முறைப்பார். இவர் கண்டுகொள்ள மாட்டார். "காசு கொடுக்கிறோம்ல, சும்மாவா?" என்பார்.

இவருடைய பையன் 2018 ஆகஸ்டில் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போனான். டெக்சாஸ் மாநிலம், டல்லாஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் நடுவில் இருக்கிற ஆர்லிங்டன். போன மூன்றாவது வாரம் ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினான். 3,200 டாலர். அன்றைய கணக்கில் இரண்டேகால் லட்சம் ரூபாய்க்கு மேல். முழுசாகக் கல்விக் கடனிலிருந்து எடுத்த பணம். வாங்குவதற்கு முன் வாட்ஸ்அப் வீடியோவில் அப்பாவுக்கு வண்டியைச் சுற்றிக் காட்டினான். நண்பர் பார்த்தது கலரை. கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"விக்கிறது யாருடா?"

"நம்ம சீனியர் அண்ணாப்பா. கோயமுத்தூர். படிப்பு முடிஞ்சு ஊருக்குக் கிளம்புறார்."

"அப்புறம் என்ன? நம்மாளுதானே. வாங்கிடு."

வெண்டைக்காய்க்கு நுனி ஒடித்தவர், இரண்டேகால் லட்சத்துக்கு ஒடித்த நுனி அவ்வளவுதான்.

ஒன்பதாவது நாள் ஹைவேயில் வண்டி உதறியது. இன்ஜின் உறுமுகிறது, வேகம் ஏறவில்லை. பின்னால் வருகிற லாரிகள் ஹாரன் அடிக்கின்றன. எப்படியோ ஓரம் கட்டி, டோ வண்டி பிடித்து, ஒரு மெக்சிகோக்கார மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டான். கியர்பாக்ஸ் போச்சு. சரி பண்ண 2,800 டாலர். கிட்டத்தட்ட இன்னொரு கார் விலை. அதுகூடப் பரவாயில்லை. அடுத்ததாக அந்த மெக்கானிக் சொன்னதுதான் பையனுக்குச் செருப்படி.

"இந்த வண்டியை எனக்குத் தெரியுமே! மே மாசம் இதே வியாதியோட வந்துச்சு. கியர்பாக்ஸ் சாகப் போகுதுன்னு ஓனர்கிட்ட சொன்னேன். ஆயிலை மட்டும் மாத்திக் கொடு போதும்னு எடுத்துட்டுப் போயிட்டாரு."

சீனியர் அண்ணா அதற்குள் பெங்களூர் வந்து வேலையில் சேர்ந்தாயிற்று. பையன் போன் செய்தான். "தம்பி, நான் ஓட்டின வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. அமெரிக்காவில பழைய கார்னா எல்லாமே ஆஸ் ஈஸ்தான். தெரியாதா உனக்கு?" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அனுப்பிய மெசேஜுக்கெல்லாம் ஒற்றை டிக்.

ஆஸ் ஈஸ். உள்ளது உள்ளபடி. இந்த இரண்டு வார்த்தையைப் பற்றியும், அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற நம்மாட்களைப் பற்றியும்தான் இந்த வாரம்.

முதலில் அமெரிக்காவின் யோக்கியதையைப் பார்த்துவிடுவோம். அந்த ஊர்க் கடையில் ஒரு சட்டை வாங்கி, பிடிக்கவில்லை என்றால் ரசீதோடு கொண்டுபோய்க் கொடுத்தால் காசு திரும்பிவிடும். அமெரிக்கா போய்வந்த மாமாக்கள் எல்லாரும் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வார்கள். அதே நாட்டில், ஆளையே கொல்லக்கூடிய சாமான் ஒன்று உண்டு. பழைய கார். அதற்கு மட்டும் பெரும்பாலான மாநிலங்களில் இந்த மரியாதை கிடையாது. மூன்று நாளைக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு வதந்தி உலவுகிறது. அது வீடு தேடி வந்து விற்கிற ஆசாமிகளிடம் வாங்கியதற்கான சட்டம். டீலர் கடைக்கு நீங்களே நடந்துபோய் வாங்கிய காருக்குச் செல்லாது. லெமன் சட்டம் இருக்கிறதே என்பார்கள். அது பெரும்பாலும் புதுக் காருக்குத்தான்.

1985-லிருந்து ஒரு மத்திய விதி இருக்கிறது. டீலர் விற்கிற ஒவ்வொரு பழைய காரின் கண்ணாடியிலும் ஒரு தாள் ஒட்ட வேண்டும். உத்தரவாதம் உண்டா, இல்லை 'ஆஸ் ஈஸ்' விற்பனையா என்று கட்டத்தில் டிக் அடித்திருக்கும். வாயால் சொன்ன வாக்குறுதியை நிலைநாட்டுவது கஷ்டம், எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள் என்று அந்தத் தாளே சொல்கிறது. வேறு மெக்கானிக்கிடம் காட்டலாமா என்று டீலரைக் கேள் என்றும் சொல்கிறது. நல்ல தாள். ஆனால் 'ஆஸ் ஈஸ்' கட்டத்தில் டிக் இருந்தால், கேட்டைத் தாண்டியதும் கழன்று விழுகிற சக்கரம் உங்கள் சக்கரம்.

இது இயற்கையின் விதியா? இல்லவே இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டீலர் பழைய காரை 'ஆஸ் ஈஸ்' என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. நியூயார்க்கில் 36,000 மைலுக்குள் ஓடிய காருக்கு 90 நாள் அல்லது 4,000 மைல், 80,000 மைலிலிருந்து ஒரு லட்சம் மைல் வரை ஓடிய காருக்கு 30 நாள் அல்லது 1,000 மைல் என்று டீலர் உத்தரவாதம் கொடுத்தே ஆக வேண்டும். கலிஃபோர்னியாவில், 50,000 டாலருக்குள் டீலரிடம் வாங்கும் பழைய காரை மூன்று நாளில் ரத்து செய்யும் உரிமை தருகிற சட்டம் 2025-ல் கையெழுத்தாகி, 2026 அக்டோபர் 1 என்று தேதி குறிக்கப்பட்டது. மனசு இருந்தால் சட்டம் இருக்கிறது. டீலர்களின் தில்லுமுல்லுகளைத் தடுக்க மத்திய வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது. டீலர் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. போனவர்களில் டெக்சாஸ் டீலர் சங்கமும் ஒன்று. நடைமுறை சரியில்லை என்று 2025 ஜனவரியில் கோர்ட் அந்த விதியைத் தூக்கிப் போட்டுவிட்டது. அதே டெக்சாஸ், அதே 2025 ஜனவரியிலிருந்து சொந்த உபயோகக் கார்களுக்கு வருஷா வருஷம் நடந்த பாதுகாப்புச் சோதனையையும் ரத்து செய்துவிட்டது. பிரேக், டயர், லைட் பார்த்து முத்திரை குத்திக்கொண்டிருந்தார்கள். அதுவும் போச்சு.

சரி, டீலருக்காவது ஒரு தாள் இருக்கிறது. சீனியர் அண்ணாவுக்கு? அந்த மத்திய விதிப்படி பன்னிரண்டு மாதத்தில் ஐந்து கார்களுக்கு மேல் விற்றால்தான் டீலர். ஒரே ஒரு கார் விற்கிற நம்மாளுக்குத் தாளும் இல்லை, கட்டமும் இல்லை. தெரிந்தே பொய் சொன்னான் என்று நிரூபித்தால் வழக்குப் போடலாம். போன மாசம் வந்து இறங்கிய பிள்ளை, பெங்களூரில் இருக்கிறவன் மேல் டெக்சாஸில் வழக்குப் போடுவானா? கடன் வாங்கிப் படிக்க வந்தவன் வக்கீலுக்கு எங்கே போவான்?

"ஏன் சார், பார்த்து வாங்க வேண்டியதுதானே? படிச்ச பையன்தானே?" என்று கேட்பீர்கள். கேட்கலாம். ஆனால் அவன் நிலைமையில் நின்று கேளுங்கள்.

ஆர்லிங்டனில் சுமார் நாலு லட்சம் பேர் வசிக்கிறார்கள். நம்மூர் மாதிரி நம்பர் போட்ட பஸ் கிடையாது. 2013-ல் ஒரே ஒரு ரூட் விட்டுப் பார்த்தார்கள். 2017 முடிவில் அதையும் நிறுத்திவிட்டு, ஆப்பில் கூப்பிட்டால் வருகிற வேன் ஏற்பாடு செய்தார்கள். பஸ்ஸுக்குத் தவமிருக்கிறோம் என்று நாம் புலம்புகிறோம். அங்கே தவமிருக்கவும் பஸ் ஸ்டாப் இல்லை. பால் பாக்கெட் வாங்க ரூம்மேட்டிடம் கெஞ்ச வேண்டும். ரெண்டு தடவை கூட்டிப்போவான். மூன்றாவது தடவை முகம் மாறும். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எல்லாப் பிள்ளைகளும் கார் தேடுகிறார்கள். நாலு கடை ஏறி இறங்கி விலை விசாரிக்கக்கூடக் கார் வேண்டும். கார் வாங்கப் போவதற்கே கார் இல்லாதவன் எப்படிப் பார்த்து வாங்குவான்?

கடனுக்கு நல்ல காராக எடுக்கலாமே என்றால், அங்கே கிரெடிட் ஸ்கோர் என்று ஒரு ஜாதகம். 300-லிருந்து 850 வரை. புதுசாகப் போனவனுக்கு ஜாதகமே எழுதப்பட்டிருக்காது. கடன் வாங்கிக் கட்டியிருந்தால்தான் கடன் கிடைக்கும். அப்படியே கொடுத்தாலும் வட்டி எகிறும். வங்கி சொல்கிற வட்டிக்கு மேல் டீலர் தன் பங்குக்குக் கொஞ்சம் ஏற்றிக்கொள்கிற வழக்கமும் உண்டு. அந்த ஏற்றம் வெள்ளைக்காரர்களைவிடக் கறுப்பர்களுக்கும் லத்தீன் அமெரிக்கர்களுக்கும் ஆசியர்களுக்கும் அதிகமாக இருந்தது என்று ஒரு பெரிய கார்க்கடன் நிறுவனத்தின் மேல் அரசாங்கமே குற்றம் சாட்டியது. 2013 டிசம்பரில் அந்த நிறுவனம் 98 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. வந்த நாட்டில் முகத்தைப் பார்த்து வட்டி போடுகிறான் என்கிற பயம் வெறும் பிரமையில்லை.

அதனால்தான் பிள்ளைகள் நம்மாளிடம் போகிறார்கள். ரொக்கம் கொடுத்தால் போதும், ஸ்கோர் கேட்க மாட்டார், தமிழில் பேசலாம். சாம்பார் வாசனை வருகிற வீட்டில் உட்கார வைத்துக் காபி கொடுத்து விற்பார். இதில் தப்பே இல்லை. தப்பு எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு பேராசிரியரைக் கூப்பிட வேண்டும்.

ஜார்ஜ் அகர்லாஃப் என்று ஒரு அமெரிக்கப் பொருளாதார நிபுணர். 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன் மூன்று பத்திரிகைகள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய கட்டுரை. 2001-ல் அதற்குத்தான் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மேட்டர் ரொம்ப எளிது. நல்ல கார் 5,000 டாலர் பெறும், சொத்தைக் கார் 2,000 பெறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எது சொத்தை என்று விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் நடுவாக 3,500 தருகிறேன் என்பான். நல்ல கார் வைத்திருப்பவன், 'இதுக்கு நானே ஓட்டிக்கிறேன்' என்று விலகிவிடுவான். சொத்தைக்காரன் சந்தோஷமாக ஓடி வருவான். சந்தையில் சொத்தை பெருகும். விலை இறங்கும். இறங்க இறங்க, மிச்சமிருக்கிற சுமாரான கார்களும் ஓடிப்போகும். கடைசியில் சந்தை முழுக்கச் சொத்தை. அமெரிக்கப் பேச்சு வழக்கில் இந்தச் சொத்தைக் காருக்குப் பெயர்தான் லெமன்.

இதில் நமக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. அந்தக் கட்டுரையில் இந்தியா வருகிறது. நம்மூர் கிராமத்து வட்டிக்கடைக்காரரும், சொந்தச் சமூகத்துக்குள்ளேயே தொழிலை வைத்துக்கொண்ட நம் பழைய நிர்வாக ஏஜென்சிகளும் வருகிறார்கள். யார் நாணயமானவன் என்று வெளியாளுக்குத் தெரியாத இடத்தில், ஆளைத் தெரிந்தவன்தான் வியாபாரம் பண்ண முடியும் என்பதற்கு அவர் காட்டுகிற உதாரணம் நாம்!

அந்தக் கால ஏற்பாட்டை நான் புகழவில்லை. அதில் ஜாதி இருந்தது, அடுத்தவனை உள்ளே விடாத அநியாயம் இருந்தது. ஆனால் ஒரு பிடிமானமும் இருந்தது. சொந்தக்காரனை ஏமாற்றினால் தப்பித்துப் போக இடம் கிடையாது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரும்போது எதிரில் அவன் உட்கார்ந்திருப்பான். பெண் கேட்டுப் போகிற வீட்டில், "அவங்களா? மாட்டைப் பொய் சொல்லி வித்தவங்களாச்சே" என்பார்கள். நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு கண் இருந்தது. அந்தக் கண்ணுக்குப் பயந்துதான் பாதிப்பேர் யோக்கியமாக இருந்தார்கள்.

ஆர்லிங்டனில் என்ன நடக்கிறது? நம்பிக்கை மட்டும் பிளேன் ஏறி வந்துவிட்டது. ஊர்க் கண் விசா கிடைக்காமல் இங்கேயே நின்றுவிட்டது. விற்கிறவன் பதினைந்தாம் தேதி விற்று, இருபதாம் தேதி விமானம் ஏறுகிறான். இனிமேல் அவனை யார் எந்தப் பந்தியில் பார்க்கப் போகிறார்கள்? பயம் போனபிறகும் நம்பிக்கை அப்படியே இருந்தால், அது ஏமாற்றுகிறவனுக்கு நாம் கொடுக்கிற மானியம். டீலரிடம் போனால் சந்தேகத்தோடு போவோம். தெருவில் போகிற அமெரிக்கனிடம் வாங்கினால் நாலு பேரைக் கேட்போம். நம்மாளிடம் மட்டும்தான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம். ஆகவே, சொத்தைக் காரைத் தள்ளிவிட நினைக்கிறவனுக்கு உலகத்திலேயே உத்தமமான கஸ்டமர் யார்? நம்மாளு!

"ஒரு கியர்பாக்ஸுக்கு இவ்வளவு ஆவேசமா?" என்று சிலர் நினைக்கலாம். கியர்பாக்ஸ் போனால் பணம்தான் போகும். வாயை மூடிக்கொண்டிருப்பதால் உயிரும் போகும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன்.

டகாடா என்ற ஜப்பான் கம்பெனி செய்த ஏர்பேக்குகளில் ஒரு கோளாறு. வெப்பமும் ஈரமும் சேர்ந்து வருஷக்கணக்கில் உள்ளே இருக்கும் ரசாயனத்தைக் கெடுத்துவிடும். மோதும்போது காப்பாற்ற வேண்டிய பை, உலோகச் சில்லுகளை முகத்திலும் கழுத்திலும் வீசும். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் ஏர்பேக்குகளைத் திரும்ப அழைத்தார்கள். அந்த நாட்டு வரலாற்றில் இதைவிடப் பெரிய வாகன ரீகால் கிடையாது. அங்கே இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்திருக்கிறார்கள். 2016 ஜூனில் அந்த நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை ஒரு எச்சரிக்கை விட்டது. 2001 முதல் 2003 வரை வந்த சில ஹோண்டா, அக்யூரா மாடல்களில் அந்த ஏர்பேக் வெடித்துச் சிதறும் வாய்ப்பு ஐம்பது சதவீதம் வரை இருக்கிறது, சரி செய்யும் வரை ஓட்டவே ஓட்டாதீர்கள் என்று சொன்னது.

2001-லிருந்து 2003 வரை வந்த ஹோண்டா! பழசு, விலை குறைவு, மைலேஜ் கொடுக்கும், கெட்டுப்போகாது என்று பெயர். மாணவர்கள் கைமாற்றிக் கைமாற்றி ஓட்டுகிற வண்டி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். கார் நாலு கை மாறியபின் கம்பெனி அனுப்புகிற கடிதம் எந்த விலாசத்துக்குப் போகும்? இரண்டு வருஷத்துக்கு முன் காலி பண்ணிய அபார்ட்மென்ட்டுக்கு. மாற்றிக் கொடுப்பது முழுக்க இலவசம். பார்த்துச் சொல்ல வேண்டிய வேலைதான் பாக்கி. காரின் 17 இலக்க அடையாள எண்ணை அந்தத் துறையின் இணையதளத்தில் தட்டினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். சைசா காசு செலவில்லை. ஆனால் ரீகால் பாக்கியிருக்கிற பழைய காரை டீலர் விற்கக் கூடாது என்று மத்திய சட்டம் எதுவும் கிடையாது. 35 காரோ அதற்கு மேலோ வைத்திருக்கிற வாடகைக் கார் கம்பெனி 2016-லிருந்து அப்படிப்பட்ட காரை வாடகைக்கு விடக் கூடாது. விற்கிற டீலருக்கு அந்தத் தடை இல்லை. டீலருக்கே இல்லாதது நம்ம அண்ணாவுக்கு எப்படி இருக்கும்?

இன்னும் இருக்கிறது. அமெரிக்காவில் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் ஓடிய மைலைக் குறைத்துக்காட்டி விற்கப்படுகின்றன என்பது அரசாங்கத்தின் மதிப்பீடு. 2010-க்கும் அதற்கு முன்னும் வந்த மாடல்களுக்கு, கைமாறும்போது மைலை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம்கூட மத்திய விதியில் இல்லை. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது தண்ணீரில் கிடந்த கார்கள் லட்சக்கணக்கில். இப்படிப்பட்ட வண்டியைக் காய வைத்து, பாலிஷ் போட்டு, வேறு மாநிலத்தில் புதுப் பத்திரம் வாங்கி, வெள்ளத்தில் முங்கிய முத்திரையைக் கழுவிவிடுகிற கில்லாடிகள் அங்கே உண்டு. அமெரிக்கனை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் ஒரு பழைய கார் வாங்கியவரைக் கேளுங்கள். மிதியடியைத் தூக்கி மோந்து பார்த்த கதையைச் சொல்வார்.

ஆக, சட்டம் ஓட்டை. சந்தை ஓட்டை. இந்த ஓட்டைகளுக்கு நடுவே புதுசாக வந்த ஒரு இருபத்திரண்டு வயசுப் பிள்ளைக்கு மிச்சமிருக்கிற ஒரே பாதுகாப்பு, விற்கிறவனின் வாய்தான். அந்த வாய் தமிழ் பேசுகிறது என்பதற்காகத்தான் அவன் தேடி வந்தான். அந்த வாயை மூடிக்கொண்டு, காசை வாங்கிக்கொண்டு, அப்புறம் ஆஸ் ஈஸ் என்கிறாயே, அந்த வார்த்தையைக் காபி கொடுக்கும்போது ஏன் சொல்லவில்லை? விற்கும்போது 'தம்பி', விற்றபின் 'ஆஸ் ஈஸ்' என்றால் என்ன நியாயம்? ஆஸ் ஈஸ்தான் உன் கொள்கை என்றால், உனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, 'இதுதான் வண்டி, இஷ்டமிருந்தா எடு' என்று சொல். உள்ளதை உள்ளபடி சொல்லாமல் விற்றதற்கு உள்ளது உள்ளபடி என்று பெயர் வைக்காதே. அதற்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது. நாலெழுத்து. திருட்டு.

வாங்குகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வாங்குகிறேன் என்று சொல்வது அண்ணாவை அவமானப்படுத்துவது ஆகாது. நூறிலிருந்து இருநூறு டாலரில் ஒரு நல்ல மெக்கானிக், வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிவயிறு வரை பார்த்துச் சொல்லிவிடுவார். யோக்கியமானவன் "தாராளமா காட்டு தம்பி" என்பான். "என்ன தம்பி, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று ஒருத்தன் முகத்தைத் தூக்கினால், அந்த இருநூறு டாலர் மிச்சம். வண்டியின் லட்சணம் அங்கேயே தெரிந்துவிட்டது, கிளம்பி வந்துவிடலாம். இன்னொன்று. மெக்கானிக்கை நீ தேடு. விற்கிறவன் சொல்கிற மெக்கானிக் வேண்டாம்.

அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. பொங்கல் வைக்கிறீர்கள், பட்டிமன்றம் நடத்துகிறீர்கள், சென்னையிலிருந்து நடிகர்களைக் கூப்பிட்டு மாலை போடுகிறீர்கள். சந்தோஷம். உங்கள் ஊரில் நம்பிக்கையான மெக்கானிக் நாலு பேரின் பட்டியலை, ஆகஸ்டில் வந்திறங்குகிற பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சங்கம் எத்தனை? விற்கிறவர் வண்டியின் குறைகளை எழுதிக் கையெழுத்துப் போட ஒரு பக்கத் தாளைத் தயார் பண்ண எத்தனை கமிட்டி கூட்டம் வேண்டும்? ஊர்க் கண் பிளேன் ஏறவில்லை என்றேனே, அந்தக் கண்ணை அங்கேயே உண்டாக்குங்கள். தமிழ் வாழ்க என்று மேடையில் சொல்வதைவிட, தமிழனிடம் வாங்கிய கார் ஓடும் என்று நாலு பேர் சொன்னால் தமிழுக்கு மரியாதை.

இந்தக் கதையை எழுதப் போகிறேன் என்றதும் மின்வாரிய நண்பர் பதறினார். "வேணாம் சார். வெளிநாட்டுல நம்மாளுங்க பேரு கெட்டுப்போயிடும்." பேரைக் கெடுத்தது எழுதுகிறவனா, விற்றவனா? நம்மாளு மானம் நம்மாளு மானம் என்று மூடி மூடி வைத்துத்தான், அடுத்த ஆகஸ்டில் வருகிற பிள்ளைக்கும் அதே கார் விற்கப்படுகிறது.

கதையின் பின்பாதியையும் சொல்லிவிடுகிறேன். பையன் கடன் வாங்கி, ரிப்பேர் செய்த பழைய கியர்பாக்ஸ் ஒன்றைப் போட்டு அதே வண்டியை இரண்டு வருஷம் ஓட்டினான். 2020-ல் வேறு ஊரில் வேலை கிடைத்து, விற்க வேண்டிய நேரம் வந்தது. வாங்க வந்தவன் ஒரு ஜூனியர், நம்மாளு. ஏ.சி. சரியாகக் குளிர வைக்காது. டெக்சாஸ் வெயிலில் அது சின்ன விஷயமில்லை. நண்பர் போனில் மகனுக்கு உபதேசம் பண்ணினார். "நீயா எதுக்குடா சொல்றே? சாயங்காலமா காட்டு. கேட்டா மட்டும் சொல்லு."

பையன் கேட்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் எழுதினான். கியர்பாக்ஸ் மாற்றியது, எந்தத் தேதியில், எவ்வளவு செலவு. ஏ.சி. குளிராது. இடது பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது. மழையில் டிக்கிக்குள் தண்ணீர் வரும். கீழே கையெழுத்துப் போட்டு, மெக்சிகோக்கார மெக்கானிக்கின் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தான். ஜூனியர் படித்துவிட்டு 1,400 டாலருக்கு எடுத்துக்கொண்டான். சாயங்காலமாகக் காட்டியிருந்தால் 2,000 கிடைத்திருக்கும்.

நண்பர் என்னிடம் வந்து ஒரு மணி நேரம் குறைப்பட்டுக்கொண்டார். "அறுநூறு டாலர் சார்! நாப்பத்தஞ்சாயிரம் ரூபாய்! பொழைக்கத் தெரியாதவன் சார் என் புள்ளை."

பெங்களூர் அண்ணாவின் அப்பா, 2018-ல் தன் பையனைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். பொழைக்கத் தெரிஞ்சவன் என்றுதான் சொல்லியிருப்பார். அந்தக் கார் ஆர்லிங்டனில் கெட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை சார். இங்கே, நம் வீட்டு ஹாலில், நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற இந்த சர்ட்டிஃபிகேட்டில்தான் முதலில் கெட்டது.